பாடநூல் கேட்கும் ஆங்கிலச் சொற்கள்
(ஹட்டனில் உயர்தர மாணவர்கள் முன் ஆற்றிய உரை)

உயர்தர வகுப்புப் பிள்ளைகளே, அவர்களைக் கூட்டி வந்திருக்கும் அம்மா அப்பாமாரே, வணக்கம்.

உங்கள் கொப்பிகள் சிலவற்றைப் பார்த்தேன். இடப்பக்கம் ஆங்கிலச் சொல், வலப்பக்கம் தமிழ்ப் பொருள். 'ஒப்ஃபஸ்கேட்', 'லொக்வேஷியஸ்' என்று கேட்கவே பிரமாதமான சொற்கள். ஆனால் நாளைக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கையில் எடுக்கப்போகும் புத்தகத்தில் அவை எத்தனை தடவை வரும்?

நியூசிலாந்தைச் சேர்ந்த மொழி ஆய்வாளர் அவெரில் கொக்ஸ்ஹெட் அதைத்தான் எண்ணிப் பார்த்தார். கலை, வணிகம், சட்டம், விஞ்ஞானம் ஆகிய துறைகளின் எழுத்துகளில் சுமார் 35 இலட்சம் சொற்களை ஆராய்ந்தார். அடிப்படையான 2000 சொற்குடும்பங்களை (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்) ஒதுக்கிவிட்டு, எல்லாத் துறையிலும் திரும்பத் திரும்ப வருபவற்றைப் பொறுக்கி 2000ஆம் ஆண்டில் வெளியிட்டார். மொத்தம் 570 சொற்குடும்பங்கள்தான். அவர் ஆராய்ந்த எழுத்துகளில் பத்துச் சொல்லுக்கு ஒன்று அவற்றைச் சேர்ந்தது. 'அனலைஸ்', 'அஸெஸ்', 'கன்செப்ட்', 'எவிடென்ஸ்' என்று ஆடம்பரமே இல்லாத சொற்கள். முதலில் இவற்றைப் பிடியுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

'அனலைஸ்' படிக்கும்போதே 'அனலிசிஸ்', 'அனலிட்டிகல்' இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். எந்தச் சொல் எதோடு சேரும் என்பதும் முக்கியம். 'மேக் ரிசர்ச்' என்று எழுதினால் பிழை. 'கண்டக்ட் ரிசர்ச்' என்பதே வழக்கு. வலப்பக்கத் தமிழ்ப் பொருள் இதைக் காட்டாது, வாக்கியம்தான் காட்டும்.

ஜெர்மனியின் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸ் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, தன் மறதியைத் தானே அளந்து 1885இல் வெளியிட்டார். முதல் நாளிலேயே பெரும்பகுதி போய்விட்டது. வாக்கியமில்லாமல் உருப்போட்ட சொல்லுக்கும் ஏறக்குறைய அதே கதிதான். ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சிறு மட்டை எடுத்து, அதன் ஒரு பக்கம் வாக்கியத்தை எழுதி, சொல்லின் இடத்தை வெறுமையாக விடுங்கள். சொல் பின்பக்கம் இருக்கட்டும். பார்க்காமல் நினைவிலிருந்து எடுங்கள். மறுநாள் ஒருமுறை, மூன்று நாள் கழித்து, பிறகு வாரம் கழித்து. தேயிலைக் கொழுந்தெடுத்த மலைக்கே சுற்று முறையில் திரும்பப் போகிறோமே, அதே மாதிரி. தவறிய மட்டை மட்டும் நாளைக்கே திரும்பி வர வேண்டும்.

தோட்டத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் எட்டாது என்று யாரும் சொன்னால், சி. வி. வேலுப்பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள். 1914இல் மடக்கும்புர தோட்டத்தில் பிறந்தவர், 1947இல் தலவாக்கலையிலிருந்து பாராளுமன்றம் போனவர், நம் மக்களின் வாழ்வை ஆங்கிலத்திலேயே எழுதியவர்.

பெற்றோரிடம் ஒன்று கேட்கிறேன். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் மட்டையைப் பிடித்துக்கொள்ளலாம். பிள்ளை தயங்குகிறதா, சட்டென்று சொல்கிறதா என்று பார்க்கலாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம் ஒதுக்குங்கள்.