பொடி வைக்காத பொன்

(நகைக்கலை பயிலும் மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

வணக்கம். உங்கள் வேலைகளை இப்போதுதான் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தேன். எகிப்திய வண்டு இருக்கிறது, கிரேக்க இலைமாலை இருக்கிறது, இரண்டு தலைப் பாம்பு வளையல்கூட இருக்கிறது. எல்லாம் அழகுதான். ஆனால் பழைய உருவத்தைப் பார்த்துச் செய்வது சுலபம். அந்தக் கை எப்படி வேலை செய்தது என்பதுதான் லேசில் பிடிபடாது.

1836-இல் இத்தாலியின் செர்வெத்தேரியில் ஒரு கல்லறையைத் திறந்தார்கள். கி.மு. 7ஆம் நூற்றாண்டு எட்ருஸ்கன் கல்லறை. ரோமர்கள் தலையெடுக்கும் முன்பே இத்தாலியில் வாழ்ந்தவர்கள் எட்ருஸ்கன்கள். உள்ளே கிடைத்த நகைகள் ரோமில் நகைக்கடை வைத்திருந்த ஃபோர்த்துனாத்தோ பியோ கஸ்டெல்லானியைத் தூங்கவிடவில்லை. பொன் தகட்டின் மேல் மணல் தூவியதுபோல் குட்டிக் குட்டிப் பொன்மணிகள். எட்ருஸ்கன் வேலைகளில் சில மணிகள் கால் மில்லிமீட்டர்கூட இருக்காது.

மணி செய்வது பெரிய வித்தை இல்லை. பொன் கம்பியைத் துணுக்குகளாக நறுக்கி, கரித்தூளில் போட்டுக் காய்ச்சினால் ஒவ்வொன்றும் தானாகவே உருண்டுகொள்ளும். ஒட்டுவதில்தான் சிக்கல். பொடி என்றால் பொன்னைவிடச் சீக்கிரம் உருகும் பற்றவைப்புக் கலவை. அதை வைத்துத் தீயை ஊதினால், பொடி உருகி மணிகளின் இடுக்கெல்லாம் வழிந்து நிரம்பிவிடும். அப்புறம் மணி மணியாகத் தெரியாது, சொரசொரப்பாகத்தான் தெரியும். கஸ்டெல்லானி குடும்பம் மலைநாட்டுக் கிராமத்திலிருந்து கைவினைஞர்களை வரவழைத்துக்கூடப் பார்த்தது. மிக அழகான நகைகள் பிறந்தன. ஆனாலும் எட்ருஸ்கன் நேர்த்தி வரவில்லை.

விடை கிடைத்தது 1930-களில். லிட்டில்டேல் என்ற ஆங்கிலேயர் காப்புரிமை வாங்கினார். செம்புத் தாதுத் தூளைப் பசையில் குழைத்து மணிகளை ஒட்டுங்கள், காயவைத்துச் சூடேற்றுங்கள். பசை கருகிக் கரியாகும். கரி, செம்பு ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும். மிஞ்சுவது துளிச் செம்பு. பொன் உருக 1064 டிகிரி வேண்டும். செம்பு சேர்ந்த இடம் மட்டும் 890 டிகிரி வாக்கிலேயே இளகிப் பற்றிக்கொள்ளும். இடுக்கில் வழிவதற்குத் தனியாகப் பற்றவைப்புப் பொடியே இல்லை. வேடிக்கை என்னவென்றால், அந்தச் செம்புத் தாதுவைப் பழைய கிரேக்கர்கள் ‘கிரிசோகொல்லா’ என்றார்கள். ‘பொன் பசை’ என்று பொருள். விடை பெயரிலேயே இருந்திருக்கிறது!

கேட்கச் சுலபமாக இருக்கிறதா? என் முதல் முயற்சியில் ஒரு நொடி கூடுதலாக ஊதிவிட்டேன். தகடும் மணியும் சேர்ந்து ஒரே கட்டி. நேற்றுவரை அதை மேசையிலேயே வைத்திருந்தேன், இன்று உங்களுக்காக எடுத்து வந்திருக்கிறேன்.

உருவத்தை மட்டும் எடுத்ததால் வந்த வினையும் ஒன்று உண்டு. 1896-இல் பாரிஸின் லூவர் அருங்காட்சியகம் இரண்டு லட்சம் பிராங்க் கொடுத்து ஒரு பொன் கிரீடம் வாங்கியது. கி.மு. 3ஆம் நூற்றாண்டில் சைத்தஃபெர்னீஸ் என்ற, கருங்கடல் வடகரைச் சித்திய மன்னனுக்குக் காணிக்கையாகப் போனது என்றார்கள். ஃபுர்ட்வெங்லர் என்ற ஜெர்மானிய அறிஞர் உடனே சந்தேகப்பட்டார். நசுங்கல் எல்லாம் வெற்று இடங்களில். உருவங்கள் மட்டும் பத்திரமாக இருந்தன. காலம் அவ்வளவு பார்த்துப் பார்த்தா இடிக்கும்? 1903-இல் ஒடெஸாவிலிருந்து இஸ்ரேல் ருகோமோவ்ஸ்கி என்ற பொற்கொல்லர் பாரிஸ் வந்து, ‘நான் செய்தது’ என்று ஒரு பகுதியைக் கண்ணெதிரே செய்து காட்டினார். வியாபாரிகள் கொடுத்த புத்தகப் படங்களைப் பார்த்துச் செய்தாராம். எனக்கு அவர் மேல் கோபமே வரவில்லை, என்ன கை அது! பொய் சொன்னது வியாபாரிகள். ஆனாலும் உங்கள் முத்திரையைப் பின்பக்கம் குத்திவிடுங்கள். நாளைக்கு யார் கைக்குப் போகுமோ தெரியாது.

சரி, இப்போது இரண்டு கம்பித் துண்டுகளை அனுப்புகிறேன், லென்ஸோடு பாருங்கள். ஒன்று துளையுள்ள அச்சுத் தகட்டின் வழியே இழுத்தது. அதில் நீளவாக்கில் நேர்க்கோடுகள் ஓடும். இன்னொன்று பழைய முறையில் நானே செய்தது: மெல்லிய பொன் நாடாவை முறுக்கி, இரண்டு பலகைகளுக்கு இடையே உருட்டியது. அதில் கோடு திருகித் திருகிப் போகும், திருகாணி மரைபோல. பழங்கால நகை என்று யாராவது கொண்டுவந்தால், அருங்காட்சியகத்தில் இந்தத் திருகலையும் தேடுவார்கள். எது எது என்று நான் சொல்லமாட்டேன். முன்வரிசையிலிருந்து ஆரம்பியுங்கள்.