சட்டைத் தையல் ஓரமாக

வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

மரம் ஏறிக் கிளை கழிப்பது என் தொழில். இருபத்தாறு வருடமாக இதுதான் சோறு போடுகிறது. முதலாளியும் நான்தான், தொழிலாளியும் நான்தான். கீழே நின்று கயிறு பிடிக்க ஒருவர் உண்டு. அவ்வளவுதான் எங்கள் கம்பெனி.

தொழிலைச் சொன்னதும் பத்துப் பேரில் ஒன்பது பேர் கேட்பது ஒரே கேள்வி: "உட்கார்ந்த கிளையையே வெட்டிவிட மாட்டீர்களே?" நானும் சிரித்து வைப்பேன். ஆனால் அது அத்தனை வேடிக்கையான கேள்வி இல்லை. கிளையை விடுங்கள், தான் தொங்கும் கயிற்றையே ரம்பத்தால் அறுத்துக்கொண்டவர்கள் இந்தத் தொழிலில் உண்டு. அதனால்தான் மேலே ரம்பம் எடுக்கும்போது இரண்டு இடத்தில் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது எங்களுக்கு விதி. உச்சிக் கவட்டையில் போட்ட கயிறு ஒன்று. இடுப்பிலிருந்து தண்டைச் சுற்றி வரும் குட்டைக் கயிறு இன்னொன்று. ஒன்று போனால் மற்றது தாங்கும். இரண்டும் போனால் என்று கேட்காதீர்கள், வீட்டில் என் மனைவி கேட்டுக்கொண்டிருப்பார்.

"உங்கள் ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்லுங்கள்" என்றுதான் கூப்பிட்டார்கள். காலையிலிருந்து வருகிறேன். கடைசியில் வேர் பற்றியும் கணக்கு வழக்கு பற்றியும் சொல்ல வேண்டும். கணக்கு வழக்கை மனைவி ஒரு தாளில் எழுதியே கொடுத்துவிட்டார், மறந்துவிடுவேன் என்று.

விடிந்ததும் நான் பார்ப்பது மர நுனியை. இலை மட்டும் ஆடினால் வேலை உண்டு. கிளை ஆடினால் யோசிப்பேன். தண்டே ஆடினால் அன்றைக்கு வீட்டில் உட்கார்ந்து ரம்பம் தீட்டும் வேலைதான். செயின் ரம்பம் கூராக இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள ரம்பத்தைப் பார்க்க வேண்டியதில்லை, கீழே விழுவதைப் பார்த்தால் போதும். கூர் இருந்தால் செதில் செதிலாக விழும். மழுங்கிவிட்டால் மாவாக விழும். மழுங்கிய ரம்பத்தை அழுத்தித்தான் ஓட்ட வேண்டும். கயிற்றில் தொங்குகிறவன் எதையும் அழுத்தக் கூடாது, அழுத்தினால் தானே பின்னால் போவான்.

அந்தச் சங்கிலி நொடிக்குச் சுமார் 20 மீட்டர் ஓடுகிறது. மணிக்கு 70 கிலோமீட்டருக்கு மேல். நாங்கள் போடும் கால்சட்டைக்குள் நீள நீளமான இழைகளை அடுக்கடுக்காக வைத்துத் தைத்திருப்பார்கள். சங்கிலி துணியைத் தொட்டதும் அந்த இழைகள் இழுபட்டுப் போய்ப் பல்சக்கரத்தில் சுற்றி ரம்பத்தையே நிறுத்திவிடும். வெயில் காலத்தில் அதைப் போட்டுக்கொண்டு மரம் ஏறுவது கம்பளி போர்த்திக்கொண்டு மாடி ஏறுவது மாதிரி. ஆனாலும் போட்டுக்கொள்கிறேன். ஒருமுறை அந்த இழைகளை நானே ரம்பத்திலிருந்து பிய்த்து எடுத்திருக்கிறேன், கால் முழுசாக இருந்தது.

சரி, ஏறியாயிற்று. எங்கே வெட்டுவது? நான் பேச வந்ததே இதைத்தான். படம் வரைந்து காட்ட முடியாது, அதனால் உங்கள் சட்டையைப் பாருங்கள். பாருங்கள், பரவாயில்லை, யாரும் உங்களைப் பார்க்கவில்லை. உடம்புத் துணியோடு கைத் துணி சேரும் இடத்தில், தோளைச் சுற்றி, ஒரு தையல் ஓடும். விரலால் தடவினால் கொஞ்சம் தடிப்பாகத் தெரியும். மரத்திலும் கிளை தண்டோடு சேரும் இடத்தில் அதே மாதிரி ஒரு தடிப்பு உண்டு. சில மரத்தில் வளையல் போலத் தெளிவாகத் தெரியும், சிலதில் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

சட்டைக் கையைப் பிரித்துத் தரச் சொன்னால் தையற்காரர் என்ன செய்வார்? தையல் ஓரமாகப் பிரிப்பார். அரைக் கையை விட்டுவைக்க மாட்டார், உடம்புத் துணிக்குள் கத்தரியை விடவும் மாட்டார். கிளைக்கும் அதேதான். தடிப்பை விட்டு, அதை ஒட்டி, வெளிப்பக்கம் வெட்ட வேண்டும். தள்ளி வெட்டினால் ஒரு சாண் மொட்டைக்கட்டை நிற்கும், அது பட்டு உளுத்து உள்ளே வழி காட்டும். தண்டோடு வழித்து வெட்டினால் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சட்டையே கிழிந்த மாதிரி. ஓர் அங்குலம் இப்படி அப்படிப் போனால் போதும். மரத்துக்கு அது முப்பது வருட விஷயம்.

பெரிய கிளையை ஒரே வெட்டில் எடுக்கவும் கூடாது. பாதி வெட்டும்போதே பாரம் தாங்காமல் முறிந்து, தண்டின் பட்டையை ஆள் உயரத்துக்கு உரித்துக்கொண்டு விழும். முதலில் தடிப்பிலிருந்து ஒரு முழம் தள்ளி அடியிலிருந்து கொஞ்சம் வெட்டு. அப்புறம் இன்னும் சற்று வெளியே மேலிருந்து வெட்டு, கிளை விழுந்துவிடும். மிச்சம் இருக்கும் குட்டைக் கட்டையை நிதானமாகத் தையல் ஓரமாக எடு. ஆக மூன்று வெட்டு. அவசரக்காரர்கள் ஒரே வெட்டில் முடிப்பார்கள். பின்னால் அவர்கள் போன இடத்துக்கெல்லாம் என்னைக் கூப்பிடுவார்கள்.

மற்றவர்களைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். என் கதையையும் சொல்கிறேன்.

தொழிலுக்கு வந்த மூன்றாம் வருடம். ஒரு வீட்டில் பெரிய நிழல்மரம். கூரையில் இலை கொட்டுகிறது, காற்றடித்தால் பயமாக இருக்கிறது, மேலே மொட்டையடித்துவிடு என்றார் வீட்டுக்காரர். எனக்கு அப்போது வேலை வேண்டும், கையில் புது ரம்பம் வேறு. ஒரே நாளில் மொட்டையடித்துவிட்டேன். ஒரு தண்டு, பத்து மொட்டைக்கட்டை. வீட்டுக்காரருக்கு ஏக சந்தோஷம். அவருடைய அம்மா மட்டும் திண்ணையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை.

பன்னிரண்டு வருடம் கழித்து அதே வீட்டிலிருந்து அழைப்பு. முதல் நாள் இரவுக் காற்றில் ஒரு கிளை மாட்டுக் கொட்டகை மேல் விழுந்திருந்தது. நல்ல வேளை, மாடு வெளியே கட்டியிருந்தது. மரத்தைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. பழைய உயரத்தை எட்டிப் பிடித்துவிட்டது, முன்பைவிட அடர்த்தியாகவும் இருந்தது. ஒவ்வொரு மொட்டைக்கட்டையின் முனையிலிருந்தும் கை கையாகக் கிளைகள் நேராக மேலே போயிருந்தன. பசிக்கிற மரம் வேறு என்ன செய்யும்? இலைதான் அதற்குச் சமையலறை. அத்தனையையும் ஒரே நாளில் பிடுங்கினால், சேர்த்து வைத்த மாவுச்சத்தையெல்லாம் செலவழித்து அவசர அவசரமாகத் துளிர்க்கும். அந்தத் துளிர் பட்டைக்கு அடியிலிருந்து வருகிறது, இயல்பாக வளர்ந்த கிளை மாதிரி தண்டுக்குள் ஆழமாகக் கோத்துக்கொண்டு வருவதில்லை. கட்டையோ அடியில் உளுத்துக்கொண்டே போகிறது. அதன் மேல் பன்னிரண்டு வருட பாரம்.

ஏறிப் போய், கிளை பிய்ந்த இடத்தில் விரலை வைத்தேன். இரண்டாம் கணு வரை உள்ளே போயிற்று. நனைந்த அட்டை மாதிரி இருந்தது. விரலை எடுத்தபோது காளான் வாசனை.

இறங்கி வந்தேன். அந்த அம்மா அதே திண்ணையில் இருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அன்னிக்கு வெட்டினது நீங்கதானே தம்பி?" என்றார். "ஆமாம்மா" என்றேன். "அப்பவே எனக்கு மனசு கேக்கல. படிச்ச பிள்ளைங்க சொல்றாங்கன்னு இருந்துட்டேன்" என்றார். நானும் படிக்கவில்லை, அவர் மகனும் மரத்தைப் பற்றிப் படிக்கவில்லை. அன்றைக்குக் கூலி வாங்க எனக்கு மனம் வரவில்லை. பாதிதான் வாங்கினேன். முழுசாக விட்டிருக்கலாம் என்று இன்றும் தோன்றும், ஆனால் கீழே கயிறு பிடித்தவருக்குக் கொடுக்க வேண்டுமே.

அதற்கு அப்புறம்தான் மரத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்க வனத்துறையில் அலெக்ஸ் ஷைகோ என்று ஓர் ஆய்வாளர் இருந்தார். ஆயிரக்கணக்கான மரங்களைச் செயின் ரம்பத்தால் நெடுக்காகப் பிளந்து பார்த்தவர். குறுக்கே அறுத்தால் தெரியாதது நெடுக்கே பிளந்தால் தெரியும்: காயம் எங்கே, உளுப்பு எது வரை ஓடியது, எங்கே நின்றது என்று. 1977 இல் அவர் எழுதி வெளியிட்டதன் சாரம் இதுதான். நம் தோலில் வெட்டுப்பட்டால் அந்த இடம் ஆறிப் புதுத் தோல் வருகிறது. மரத்துக்கு அப்படி ஆறாது. காயம்பட்ட இடத்தை அது சுற்றிலும் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு, அதற்கு வெளியே புதிதாக வளர்ந்து மூடிக்கொள்கிறது. காயம் உள்ளேயே இருக்கும், மரம் சாகும் வரை. சுவர்களில் மேலும் கீழும் எழுப்புவது பலவீனமானது, அதனால்தான் உளுப்பு நீளவாக்கில் ஓடுகிறது. காயத்துக்குப் பிறகு வளர்ந்த புது மரத்துக்கும் பழைய மரத்துக்கும் நடுவே எழும் சுவர்தான் பலமானது. கிளையின் அடியில் இருக்கும் அந்தத் தடிப்பு இருக்கிறதே, நம் சட்டைத் தையல், அங்கே இந்தச் சுவர் கட்டும் ஏற்பாடு முன்கூட்டியே தயாராக இருக்கிறது. அதை வழித்து எடுத்துவிட்டால் கொத்தனாரையே துரத்திவிட்ட மாதிரி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மருந்து பூசுவது. வெட்டின இடத்தில் தார் பூசுவது, பெயிண்ட் அடிப்பது, பல காலமாக நடக்கிறது. நானும் வாளி வாளியாகப் பூசியிருக்கிறேன். அது உளுப்பைத் தடுப்பதில்லை என்று ஷைகோவும் அவரோடு வேலை செய்தவர்களும் வெட்டிப் பார்த்தே காட்டிவிட்டார்கள். ஆனால் பூசாமல் இறங்கினால் வாடிக்கையாளர் முகம் மாறும். "மருந்து போடலையா?" ஊசி போடாத டாக்டரிடம் போய்வந்த மாதிரி ஓர் ஏமாற்றம். விளக்கிச் சொல்வேன். பாதிப் பேர் நம்புவார்கள். மீதிப் பேர் நான் போன பிறகு தாங்களே ஏணி போட்டு ஏறிப் பூசுகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

பொந்து விழுந்த மரத்துக்கும் இதே கதைதான். பொந்தைப் பார்த்ததும் வெட்டிச் சாய்த்துவிடச் சொல்வார்கள். மரத்தின் நடுவில் இருக்கும் வைரம் உயிரில்லாத பகுதி. நீர் ஏறுவதும் சத்தைச் சேமிப்பதும் வெளி ஓரத்தில். நடு போனாலும் மரம் வாழும். அது நிற்குமா என்பதுதான் கேள்வி. ஜெர்மானிய ஆய்வாளர் கிளாவுஸ் மட்டெக் சொன்ன ஒரு கைக்கணக்கு உண்டு: தண்டின் மையத்திலிருந்து ஓரம் வரை உள்ள அளவில், மூன்றில் ஒரு பங்கு கனத்துக்கு நல்ல மரம் சுற்றிலும் இருந்தால் பெரும்பாலும் தாங்கும். முடிவு சொல்ல அது மட்டும் போதாது, பொந்து ஒரு பக்கம் திறந்திருக்கிறதா, வேர் எப்படி இருக்கிறது என்றெல்லாம் பார்க்க வேண்டும். ஆனாலும் தொடங்குவதற்கு நல்ல இடம். நான் மரச் சுத்தியலால் சுற்றித் தட்டிக்கொண்டே வருவேன். நல்ல மரம் "டக்" என்னும், பொந்து "டொம்" என்னும். வீட்டுக் குழந்தைகளும் பின்னாலேயே தட்டிக்கொண்டு வருவார்கள்.

தனியாகத் தொழில் செய்கிறவனுக்கு வேலை அளவாக வராது. புயல் அடித்த மறுநாள் ஒரே காலையில் நாற்பது அழைப்பு. அப்புறம் மூன்று வாரம் போன் செத்துக் கிடக்கும். அழைப்பதும் நான் கயிற்றில் தொங்கும்போதுதான். "விறகை நீங்களே எடுத்துக்கோங்க, கூலியில கழிச்சுக்கலாம்" என்பார்கள். பச்சை மரம் ஒரு கனமீட்டர் ஏறக்குறைய ஒரு டன். அரை மீட்டர் தடிமன், ஒரு மீட்டர் நீளத் துண்டு ஒன்று 200 கிலோ வரை வரும். அதைத் தோட்டத்தின் கடைசியிலிருந்து வண்டி வரை உருட்டிப் பார்த்தவர்கள் அந்த யோசனையைச் சொல்ல மாட்டார்கள். மரம் வெட்டுகிறவனுக்கும் நிழல் கொடுக்கும் என்பார்கள். கொடுக்கிறது, ஆனால் வெட்டிய துண்டைத் தூக்கிக் கொடுப்பதில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு விரலைக் காட்டுகிறார்கள். இரண்டு நிமிடம் என்று நினைக்கிறேன்.

வேர். பெரிய பேச்சு இது, ஓடிப்போய்ச் சொல்கிறேன். வேர் எல்லாம் பாதாளத்துக்குப் போகிறது என்று நினைக்கிறோம். பெரும்பாலான வேர் மேல் மண்ணில்தான் இருக்கிறது, முக்கால்வாசி உங்கள் முழங்கால் ஆழத்துக்குள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளை பரவிய வட்டத்தையும் தாண்டிப் போகும். குழாய் பதிக்க மரத்தை ஒட்டிப் பள்ளம் தோண்டினால் ஒரு பக்கத்து வேரே போய்விடும். மரம் உடனே வாடாது, நாலைந்து வருடம் கழித்து உச்சி பட்டுப்போகும். அப்போது பள்ளம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. அடித்தண்டைச் சுற்றி மண்ணைக் குவிக்காதீர்கள், பட்டை அழுகும். மின்கம்பியில் பட்ட கிளையை நீங்களாகத் தொடாதீர்கள், நானும் தொட மாட்டேன், மின்வாரியத்தைக் கூப்பிடுங்கள். அப்புறம்... ஒரு விரலாகிவிட்டது.

கணக்கு வழக்குக்கு நேரமில்லை. மனைவி எழுதிக் கொடுத்த தாள் சட்டைப் பையில் மடித்தபடியே இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் இருக்கிறது எனக்கு. நன்றி, வணக்கம்.