பொழச்சிருச்சு!

வணக்கம்ங்க. கேமராவ கொஞ்சம் கிட்ட கொண்டுபோறேன், இந்த முருங்கைப் போத்தப் பாருங்க. நட்டு 20 நாளாச்சு. தலையில அப்பி வச்ச சாணி காஞ்சு வெடிச்சுக் கெடக்கு. அதுக்குக் கீழ, கணுகிட்ட... தெரியுதா? கடுகளவுக்குப் பச்சையா ஒரு முளை. காலையில அம்மா இதப் பாத்துட்டு ஒரே வார்த்தைதான் சொன்னாங்க. "பொழச்சிருச்சு."

அந்த வார்த்தையப் பத்திதான் இன்னைக்குப் பேசப்போறேன்.

பிழைத்தல். இதே பிழைதானங்க 'எழுத்துப் பிழை'லயும் இருக்கு? தப்புக்கும் அதே சொல்லு, உயிரோட மீண்டு வர்றதுக்கும் அதே சொல்லு. இது எப்படின்னு ரொம்ப நாளா எனக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. பிடி கெடச்சது குறள்ல, 772.

"கான முயலெய்த அம்பினில் யானை
பிழைத்தவேல் ஏந்தல் இனிது."

காட்டு முயலைச் சாய்ச்ச அம்ப வச்சிருக்கறதவிட, யானை மேல எறிஞ்சு குறி தவறுன வேல வச்சிருக்கறதுதான் பெருமைங்கிறாரு. இந்த 'பிழைத்த'ங்கிறது உயிர் பொழச்சது இல்ல, குறி தவறுனது. அடியில இருக்கற அர்த்தம் இதுதான்னு நான் பாக்குறேன். நம்ம கை தவறுனா அது பிழை. சாவோட கை தவறுனா, நாம பொழச்சோம். 'தப்பு'ங்கிற சொல்லும் பாருங்க, இதே மாதிரிதான். தப்பு பண்ணிட்டான், தப்பிச்சுட்டான்.

இன்னொரு குறள், 896. இத மொதத் தடவ படிச்சப்ப எனக்குச் சிலுத்துருச்சு.

"எரியால் சுடப்படினும் உய்வுண்டாம் உய்யார்
பெரியார்ப் பிழைத்தொழுகு வார்."

தீயில வெந்தாக்கூட பொழச்சுக்க வழி உண்டு, பெரியவங்களுக்குத் தப்பு செஞ்சு நடக்கறவங்களுக்கு வழி இல்ல. நாம 'பொழைக்கறது'ன்னு சொல்ற எடத்துல அவரு 'உய்'னு சொல்றாரு. அவரு 'பிழைத்து'ங்கிற எடத்துல நாம 'தப்பு'ங்கிறோம். உய்யிங்கிற சொல்லு நம்ம வாயில இப்ப இல்ல, பக்திப் பாட்டுல கேக்குறதோட சரி. ஆனா யாழ்ப்பாணத்துக்காரங்க பேச்சக் கேளுங்க, "அது பிழை"ன்னு இன்னைக்கும் சர்வ சாதாரணமாச் சொல்வாங்க.

சரி, புழக்கத்துக்கு வர்றேன். உயிர் தப்புறதும் உயிர் பொழைக்கறதும் எனக்கு ஒண்ணு இல்லைங்க. பஸ்ஸு கவுந்துச்சு, சிராய்ப்புகூட இல்லாம எறங்குனவங்க உயிர் தப்புனாங்க. ஐசியூல பத்து நாள் கெடந்து கண்ணு முழிச்சவரு பொழச்சாரு. ஒண்ணுல ஆபத்து உரசாமப் போயிருச்சு. இன்னொண்ணுல அது கையப் போட்டு இழுத்து, அப்புறம் பிடி நழுவியிருக்கு. செய்தியில இந்த ரெண்டையும் மாத்தி மாத்திப் போடறப்ப மனசு சங்கடப்படுது. அந்தப் பத்து நாளு அந்தச் சொல்லுக்குள்ளதான இருக்கு? கடனுக்கு இது ரெண்டும் ஒட்டாது. கடன்லேருந்து 'மீண்டாரு'ன்னுதான் சொல்லணும்.

இத எனக்குப் புரிய வச்சது எங்க அப்பா. நாங்க பேராவூரணிப் பக்கம். 2018 நவம்பர் 16, விடியக்காலம் கஜா புயல். எங்க கொல்லையில 63 தென்னை, விடிஞ்சு பாத்தா நின்னது 9. பக்கத்து வீட்டுக்காரரு ஆறுதலா, "ஒம்போதாவது பொழச்சுதே"ன்னாரு. அப்பா பதில் சொல்லல. நின்ன மரத்துலயும் மட்டையெல்லாம் ஒரு பக்கமா முறுக்கிக் கெடந்துச்சு, குருத்து என்ன கதியில இருக்குன்னு யாருக்குத் தெரியும்? தெனம் சாயங்காலம் ஒவ்வொரு மரத்துக்கு அடியிலயும் போயி நின்னு அண்ணாந்து பாப்பாரு. 5 மரம் நின்ன எடத்துலயே பட்டுப்போச்சு. மாசக்கணக்குல கழிச்சு மிச்சத்துல புதுக்குருத்து விரிஞ்சப்பதான் சொன்னாரு, "நாலு பொழச்சிருச்சுடா." அது வரைக்கும் அந்த வார்த்தைய அவரு வாயிலயே எடுக்கல.

இன்னொண்ணு, பொழப்பு. வேலைக்கும் வருமானத்துக்கும் இந்தச் சொல்ல வச்சோமே, அத நெனச்சா தொண்டைய அடைக்குது. 1876-78ல தாது வருஷப் பஞ்சம். அந்தக் காலத்துல இங்கேருந்து இலங்கை மலையகத்துத் தோட்டங்களுக்குக் கூட்டம் கூட்டமாப் போனாங்க. "பஞ்சம் பொழைக்கப் போனாங்க"ன்னுதான் சொல்லுவோம். வேலைக்குப் போனாங்கன்னு சொல்றதில்ல. அதனாலதான் யாரையாவது "பொழைக்கத் தெரியாதவன்"னு ஏளனமாச் சொன்னா எனக்குக் கோவம் வரும். பெரும்பாலும் லஞ்சம் வாங்காத ஆளு, பொய் சொல்லத் தெரியாத ஆளு, இவங்களத்தான் அப்படிச் சொல்றாங்க. இவ்வளவு பாடுபட்டு வந்த சொல்ல அதுக்கா எடுக்கறது?

எனக்குப் பிடிச்சது, எங்க அப்பத்தா சொல்றது. கொய்யா திருட வந்த பசங்களக் கையும் களவுமாப் பிடிச்சு, காதத் திருகிட்டு, மடியில ரெண்டு காயையும் போட்டு விடும். "போ, பொழச்சுப் போ!"

நட்ட கன்னு தழைச்சா எங்க பக்கம் 'பொழச்சிருச்சு'ங்கிறோம். உங்க ஊர்ல என்ன சொல்வீங்க? கீழ எழுதுங்க, ஊர் பேரையும் சேத்து எழுதுங்க. நான் இதுக்குத் தண்ணி ஊத்திட்டு வர்றேன், வெயில் ஏறிருச்சு.