அழைக்காம வந்த அக்கா

எல்லாருக்கும் வணக்கம். என்னை மாடித்தோட்டம் பத்தி பேசுங்கன்னுதான் கூப்பிட்டாங்க, நானும் விதை, மண்புழு உரம்னு நோட்டுல குறிப்பெல்லாம் எழுதினேன், ஆனா எங்க ஆரம்பிச்சாலும் ஒரே ஒரு ஆள்கிட்டதான் போய் நிக்குது, அதனால அவங்கள பத்தியே பேசிடறேன்.

2022 நவம்பர்ல எங்கம்மா தவறிட்டாங்க. பெரம்பூர்ல எங்க வீடு. பன்னெண்டு நாள் ஆஸ்பத்திரி, அப்புறம் ஒரு ராத்திரி எல்லாம் முடிஞ்சுது. நம்ம ஊர் சாவு வீடு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும், ஃப்ரீசர் பாக்ஸ், ஷாமியானா, பிளாஸ்டிக் சேர், பக்கத்து வீட்ல இருந்து வர்ற டீ. மாமா ஒரு லிஸ்ட் போட்டு ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணிட்டு இருந்தாரு. பங்காளி, சம்பந்தி, அம்மா ஊர்க்காரங்க எல்லாம் அதுல இருந்தாங்க. நாலு வருஷமா நான் தினமும் பேசின ஒருத்தங்க மட்டும் இல்ல. அவங்கள எங்க வீட்ல யாருக்குமே தெரியாதே, எப்படி இருக்கும்?

அவங்க திருநெல்வேலி பக்கம். செடி மூலமா வாட்ஸ்அப்ல பழக்கம், ஒரு தடவை கூட நேர்ல பார்த்ததில்ல. சுண்டைக்கா விதைய பேப்பர்ல மடிச்சு தபால் கவர்ல போட்டு அனுப்பினாங்க, அதுலதான் எல்லாம் ஆரம்பிச்சுது.

நான் டிபிய எடுத்துட்டு ஒரு விளக்கு படம் வெச்சிருந்தேன், அதை பார்த்துட்டு கேட்டாங்க. அம்மா போயிட்டாங்கக்கான்னு டைப் பண்ணேன். "ஏட்டி, நா வாரேன்"னு வந்துச்சு. நான் உடனே, வேணாம்க்கா, அவ்ளோ தூரம், மழை வேற, பரவாயில்லன்னு போட்டேன். அந்த பரவாயில்லைய நினைச்சா இன்னிக்கும் எனக்கு மனசு கஷ்டமா இருக்கு.

கோப்பெருஞ்சோழன் கதை நம்ம எல்லாருக்கும் ஸ்கூல்லயே சொல்லி குடுத்தாங்க. பெத்த பிள்ளைங்களே எதிர்த்து நின்ன துக்கத்துல வடக்கிருந்த, அதாவது சாப்பாட்ட விட்டு வடக்கு பார்த்து உக்காந்து உயிர விட்ட ராஜா. பாண்டிய நாட்டு பிசிராந்தையார், ராஜாவ பார்த்ததே இல்லாத நண்பர். அவர் எங்க வரப்போறாருன்னு சுத்தி இருக்கறவங்க சந்தேகப்படறாங்க, ராஜா என்ன சொல்றாரு, நான் வாழ்ந்தப்போ அவன் வராம இருந்திருக்கலாம், துன்பத்துல வராம இருக்க மாட்டான், அவனுக்கு ஒரு இடம் ஒழிச்சு வைங்கங்கறாரு. புறநானூறுல அவர் பாட்டாவே இருக்கு. சொன்ன மாதிரியே பிசிராந்தையார் வந்ததைத்தான் நாம எப்பவும் பெருசா பேசறோம். எனக்கு என்னமோ அந்த இடம் ஒழிச்சு வெச்சது அதைவிட பெருசா தெரியுது. துக்கத்துல இருக்கறவங்க நண்பனுக்கு ஒரு இடம் வெக்கணும், நான் வெக்கல, வேணாம்னு கதவ சாத்தினேன்.

அக்கா அதுக்கெல்லாம் காத்திருக்கல. நாலாம் நாள் காலைல நெல்லை எக்ஸ்பிரஸ்ல எழும்பூர்ல இறங்கி, ஆட்டோ புடிச்சு, நனைஞ்ச குடையோட வீட்டு கேட் பக்கத்துல நிக்கறாங்க. 650 கிலோமீட்டர். சாவு வீட்ல வாங்கன்னு சொல்ல மாட்டோம் இல்லையா, நானும் சொல்லல, பார்த்துட்டே நின்னேன். அத்தைதான் யாரும்மா நீங்க, என்ன உறவுன்னு கேட்டாங்க. "சுண்டைக்கா விதை அனுப்பினவ"ன்னாங்க அக்கா.

நல்லதுக்கு அழைச்சா போ, கெட்டதுக்கு அழைக்காமலே போன்னு பெரியவங்க சொல்லுவாங்க. போன்ல மட்டுமே பழகினவங்களுக்கு அந்த இடத்துலதான் கால் தயங்கும், நாம யாருன்னு சொல்லிட்டு உள்ள போறதுன்னு. தயவுசெஞ்சு போங்க. முன்பின் பார்க்காதவங்கள நம்பி வீட்டுக்குள்ள விடலாமான்னு கேக்கறவங்க கேக்கறதுலயும் நியாயம் இருக்கு, ஆனா நாலு வருஷம் போன்லயே குரல் கேட்டு, முகம் பார்த்து பேசினவங்க முன்பின் தெரியாதவங்க இல்லீங்க.

அக்கா ஆறுதல் எதுவும் சொல்லல. ரொம்ப நேரம் கைய புடிச்சிட்டு உக்காந்திருந்துட்டு, மாடிக்கு போவமான்னு கேட்டாங்க. ரெண்டு வாரத்துக்கு மேலா யாரும் எட்டிப் பார்க்காத மாடி. மழைத்தண்ணி தேங்கி க்ரோ பேக் எல்லாம் ஊறிக் கெடந்துச்சு, அக்கா ஒரு குச்சிய எடுத்து ஒவ்வொரு பையிலயும் அடில அடைஞ்ச ஓட்டைய குத்தி விட ஆரம்பிச்சாங்க. சுண்டைக்கா செடிக்கிட்ட வந்ததும் நின்னாங்க.

"நீ அனுப்புற போட்டோல காய புடிச்சிட்டு ஒரு கை இருக்குமே, பச்ச கண்ணாடி வளையல் போட்டு, அது அம்மாதான?"

ஆமா. நான் போட்டோ எடுக்கறப்போ எல்லாம் அம்மாதான் காய கைல ஏந்தி காட்டுவாங்க. அதை நான் அக்காகிட்ட சொன்னதே இல்ல, எனக்கே அது தோணல. வீட்டுக்கு வந்த அத்தனை பேர்ல, அம்மாவோட கைய பத்தி பேசினது அவங்க மட்டும்தான். பாடி எடுக்கறப்போ கூட எனக்கு அழுகை வரல, அந்த செடிக்கிட்ட நின்னுதான் அழுதேன், அக்கா குச்சிய கீழ போட்டுட்டு மண்ணு கையோட என்னை புடிச்சிக்கிட்டாங்க.

சாயந்திரம் கிளம்பினாங்க. போயிட்டு வரேன்னு சொல்லல, துக்க வீட்ல சொல்லக்கூடாது, செருப்ப மாட்டிட்டு திரும்பிப் பார்க்காம தெருவுல இறங்கி நடந்தாங்க. ராத்திரி பத்து மணி வாக்குல போன் மின்னுச்சு.

"செங்கல்பட்டு தாண்டிட்டேன். சாப்ட்டியாட்டி?"