போனில் கேட்கும் தவில்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆண்ட்ராய்டு போனில் தரமான இசை கேட்க முடியுமா, அதற்கு என்ன செலவாகும் என்று பேசச் சொல்லி நிலையத்தார் அழைத்திருக்கிறார்கள். பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடியும். இப்போது உங்கள் சட்டைப் பையில் இருக்கிற போனே பெரும்பாலும் போதும். பாட்டு அந்தப் போனுக்குள் எப்படி வந்து சேர்ந்தது, அதை விட்டு எந்த வழியாக உங்கள் காதுக்குப் போகிறது என்ற இரண்டு இடத்தில்தான் தரம் போகிறது. அந்த இரண்டையும் சரிசெய்ய, புதுப் போன் விலையில் ஒரு சின்னப் பங்கு செலவழித்தால் போதும்.

திருநெல்வேலி டவுனில் ஆம்ப்ளிஃபயர், டேப் ரிக்கார்டர் பழுது பார்ப்பது என் தொழில். பழைய கேசட்டுகளைக் கணினியில் ஏற்றியும் கொடுக்கிறேன். கடைக்கு வருகிற இளைஞர்கள் அடிக்கடி சொல்கிற புகார் ஒன்று உண்டு. "அண்ணாச்சி, போன்ல நாதஸ்வரம் போட்டா தவில் தகரத்துல தட்டுத மாதிரில்லா கேக்கு. புதுப் போனு, விலையும் கூடுதல்தான். ஏன் இப்படி?" போனை வாங்கிப் பார்த்தால், பாட்டு யாரோ அனுப்பிய 128 கிலோபிட் எம்பி3 கோப்பாக இருக்கும். கேட்பது மலிவான புளூடூத் ஸ்பீக்கரில். போன்மேல் குற்றமே இருக்காது.

கோப்பு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம், ஏனென்றால் பெரும்பகுதி சேதம் இங்கேதான் நடக்கிறது. சிடி 1982-இல் கடைக்கு வந்தது. ஒரு நொடிக்குள் ஒலியை 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட்டில் குறித்து வைப்பது அதன் கணக்கு. அப்படி அளந்தால் 22,050 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைப் பிடித்துவிடலாம். இளவயதுக் காதே 20,000 வரைதான் கேட்கும், வயது ஏற ஏற அது இறங்கிக்கொண்டே வரும். 16 பிட் என்பது மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் இடம் தருகிறது. வீட்டில் உட்கார்ந்து கச்சேரி கேட்க இது தாராளம். இதற்கு மேல் 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் என்று விளம்பரப்படுத்துகிற கோப்புகளுக்குக் காசைக் கொட்ட வேண்டாம் என்பது என் கருத்து. ரிக்கார்டிங் செய்கிறவருக்கு 24 பிட் உதவும். கேட்கிறவருக்கு சிடி தரம் போதும்.

சிடியில் நொடிக்கு 1,411 கிலோபிட் தகவல் ஓடுகிறது. 128 கிலோபிட் எம்பி3 என்றால் அதில் ஏறக்குறைய பதினொன்றில் ஒரு பங்குதான். மீதி எங்கே போனது? ஓர் உரத்த ஒலி அதன் பக்கத்திலுள்ள மெல்லிய ஒலியை நம் காதுக்கு மறைத்துவிடும். அப்படி மறைவதை எல்லாம் எம்பி3 கணக்குப் போட்டுத் தள்ளிவிடுகிறது. கெட்டிக்காரத்தனமான வேலைதான். பேச்சுக்கும் மெதுவான மெல்லிசைக்கும் அது பெரிய குறை வைப்பதில்லை. நம் பக்கத்து வாத்தியங்களிடம்தான் அது தடுமாறுகிறது.

தவிலை எடுத்துக்கொள்ளுங்கள். வலது கை விரல்களில் கூடு மாட்டி வலந்தலையில் அடிக்கிற அந்த அடி, சத்தமே இல்லாத நிலையிலிருந்து ஒரே தாவலில் உச்சிக்குப் போகும். எம்பி3 ஒலியை 1,152 அளவுகள் கொண்ட துண்டுகளாக வெட்டித்தான் சுருக்கும். ஒரு துண்டு சுமார் 26 மில்லிநொடி. சுருக்கும்போது உண்டாகிற பிழை அடி விழுந்த இடத்தோடு நிற்காமல் அந்தத் துண்டைச் சுற்றிப் பரவிவிடும். அதனால் அடி விழுவதற்கு முன்பாகவே ஒரு மெல்லிய இரைச்சல் முளைக்கும், அடியின் கூர்மை மழுங்கும். பிட் குறையக் குறைய இது அதிகமாகும். அந்த இளைஞர் தகரம் என்று சொன்னது இதைத்தான்.

வில்லுப்பாட்டு இன்னும் கடினமான சோதனை. வில்லில் கட்டிய மணிகள் வீசுகோல் பட்டதும் கலகலவென்று ஒலிக்கிற ஒலி பெரும்பாலும் மேல் ஸ்தாயியில் இருக்கிறது. 128 கிலோபிட்டில் 16,000 ஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதைப் பொதுவாக வெட்டியே விடுவார்கள். கீழே மிஞ்சுகிற மணி ஒலியிலும் ஜால்ரா ஒலியிலும் ஒரு நீர்ச் சலசலப்பு சேர்ந்துகொள்ளும். குடத்தின் அடி நன்றாகவே கேட்கும், மணி மட்டும் கலங்கியிருக்கும். ஒரு கோப்பு தேறுமா தேறாதா என்று பார்க்க நான் முதலில் கேட்பது இந்த மணிகளைத்தான்.

பழைய ஒலிப்பதிவுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நாதஸ்வர வித்வான் காருகுறிச்சி அருணாசலம் 1921-இல் பிறந்து 1964-இல் மறைந்தவர். அவர் வாசித்ததெல்லாம் இசைத்தட்டிலும் டேப்பிலும்தான் பதிவானது. "பழைய ரிக்கார்டுதானே, அதில் தரம் எங்கே இருக்கிறது, எம்பி3 போதாதா?" என்று பலர் கேட்பார்கள். உண்மை நேர்மாறானது. பழைய பதிவில் இரைச்சல் இருக்கும். இரைச்சல் என்பது ஒழுங்கே இல்லாத ஒலி, அதைச் சுருக்குவதுதான் மிகவும் கஷ்டம். எம்பி3 தன் கையில் இருக்கிற கொஞ்ச பிட்டையும் அந்த இரைச்சலுக்குச் செலவழித்துவிட்டு நாதஸ்வரத்துக்குக் குறைத்துக்கொடுக்கும். சீராக இருந்த இரைச்சலும் குழம்பிப் போகும். இரைச்சல் சீராக இருந்தால் நம் காது சிறிது நேரத்தில் அதை ஒதுக்கிவிட்டு நாதஸ்வரத்தைப் பிடித்துக்கொள்ளும். குழம்பிய இரைச்சலை அப்படி ஒதுக்க முடியாது. அதனால் பழைய பதிவுகளுக்குத்தான் எதையும் தள்ளிவிடாத கோப்பு அதிகம் தேவை.

அதற்கு ஃபிளாக் இருக்கிறது. 2001-இலிருந்து இலவசமாகக் கிடைக்கிற முறை. ஒன்றையும் தள்ளாமல் மடித்து வைத்து, கேட்கும்போது அப்படியே விரித்துக் கொடுக்கும். நாலு நிமிடப் பாட்டு சிடி தரத்தில் 42 எம்பி, ஃபிளாக்கில் பெரும்பாலும் 25 எம்பியைச் சுற்றி வரும். 128 கிலோபிட் எம்பி3-இல் அது 4 எம்பிதான். இடம் கொஞ்சம் கூடுதலாக வேண்டும், சரி. ஆனால் ஒரு 64 ஜிபி மெமரி கார்டிலேயே இப்படி இரண்டாயிரம் பாட்டுக்கு மேல் வைக்கலாம்.

வீட்டில் சிடிகள் இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். கணினியில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி என்ற இலவச மென்பொருளால் அவற்றை ஃபிளாக்காக எடுத்துப் போனில் போட்டுக்கொள்ளலாம். மாதச் சந்தா கட்டிக் கேட்கிறவர்கள், அந்தச் செயலியின் செட்டிங்ஸில் லாஸ்லெஸ், அதாவது எதையும் தள்ளாதது, என்ற தேர்வு இருக்கிறதா என்று பாருங்கள். ஆப்பிள் மியூசிக்கின் ஆண்ட்ராய்டு செயலியில்கூட அது இருக்கிறது, ஆனால் நாமாகப் போய் இயக்கினால்தான் வரும்.

ஒரு எச்சரிக்கை. எம்பி3-ஐ ஃபிளாக்காக மாற்றினால் போனது திரும்பி வராது. இப்படி மாற்றிய கோப்புகள் ஏராளமாகச் சுற்றுகின்றன. ஸ்பெக் என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் ஒலி எந்த உயரம் வரை இருக்கிறது என்று படமாகக் காட்டும். புதிய பதிவு ஒன்றில் 16,000-இல் நேர்கோடு போட்டு நின்றால் அது எம்பி3-இலிருந்து வந்தது என்று ஓரளவு நிச்சயமாகச் சொல்லலாம். பழைய இசைத்தட்டுப் பதிவில் மேலே இயல்பாகவே ஒன்றும் இருக்காது, அதை வைத்துச் சந்தேகப்பட வேண்டாம்.

இனி வழி. புளூடூத்தில் பாட்டு சும்மா போகாது, போன் அதை இன்னொரு தடவை சுருக்கித்தான் அனுப்பும். எல்லாக் கருவியிலும் இருக்கிற எஸ்பிசி முறை, தரமாகப் போனாலும் நொடிக்கு 328 கிலோபிட்டோடு நின்றுவிடும். எல்டேக் என்ற முறை 330, 660, 990 என்று மூன்று நிலையில் ஓடும். 2017-இல் வந்த ஆண்ட்ராய்டு 8-இலிருந்து அது ஆண்ட்ராய்டோடு சேர்ந்தே வருகிறது. ஆனால் ஹெட்போனிலும் அது இருந்தால்தான் பயன். இருந்தாலும் தானாகவே இயங்கும் என்று நம்பிவிடாதீர்கள். போனின் செட்டிங்ஸில் பில்டு நம்பர் என்று இருக்கும் இடத்தை ஏழு முறை தட்டினால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதில் புளூடூத் ஆடியோ கோடெக் என்ற வரியில் இப்போது எது ஓடுகிறது என்று தெரியும், மாற்றவும் செய்யலாம். சந்திப் பிள்ளையார் முக்கு மாதிரி நெரிசலான இடத்தில் 990-ஐப் பிடித்து வைத்தால் பாட்டு விட்டு விட்டு வரும், அங்கே 660 நல்லது. வீட்டுக்குள் 990 சௌகரியமாக ஓடும்.

என்னைக் கேட்டால் வயர்தான். ஹெட்போன் துளை இருக்கிற போனை வைத்திருப்பவர்கள் அதையே பயன்படுத்துங்கள். துளை இல்லாத போனுக்கு டைப்-சி முனையில் மாட்டுகிற சின்ன ஒட்டு வயர் வேண்டும். இதில் இரண்டு வகை இருப்பது பலருக்குத் தெரியாது. ஒன்றில் வெறும் கம்பி மட்டும் இருக்கும். எண்ணாக இருப்பதை மின்னலையாக மாற்றுகிற வேலையைப் போனே செய்து கொடுத்தால்தான் அது பாடும். பல போன்கள் டைப்-சி வழியாக அப்படித் தருவதில்லை, அதனால் மாட்டினால் சத்தமே வராது. இன்னொன்றில் அந்த வேலையைச் செய்கிற, டேக் (DAC) என்கிற சில்லு வயருக்குள்ளேயே இருக்கும். கடையில் டேக் உள்ளது வேண்டும் என்று கேட்டு, அட்டையில் போட்டிருக்கிறதா என்று பார்த்து, உங்கள் போனில் மாட்டிக் கேட்டுவிட்டு வாங்குங்கள். 2014-இல் வந்த ஆண்ட்ராய்டு 5-இலிருந்தே யுஎஸ்பி ஆடியோவை ஆண்ட்ராய்டு ஏற்றுக்கொள்கிறது, ஆகவே சில வருடம் பழைய போனுக்கும் இது ஒத்துவரும்.

ஆண்ட்ராய்டுக்குள் நடக்கிற ஒன்றைப் பற்றி இசைப் பிரியர்கள் நிறைய விவாதிப்பார்கள். பாட்டு, மெசேஜ் மணி, அழைப்பு எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து அனுப்ப வேண்டியிருப்பதால், ஆண்ட்ராய்டு எல்லா ஒலியையும் ஒரே அளவுக்கு, பெரும்பாலும் 48,000-க்கு மாற்றிவிடும். சிடியின் 44,100 இங்கே மாறுகிறது. இதைத் தவிர்க்க யுஎஸ்பி ஆடியோ பிளேயர் புரோ என்ற கட்டணச் செயலி தன் சொந்த வழியில் டேக்குக்கு நேராக அனுப்பும். 2023-இல் வந்த ஆண்ட்ராய்டு 14, இப்படி மாற்றாமல் அனுப்புவதற்கு ஆண்ட்ராய்டிலேயே வழி வைத்தது. செயலியும் போனும் அதற்கு இடம் கொடுக்க வேண்டும். நல்ல டேக் வாங்கியவர்கள் இதைச் செய்து பார்க்கலாம். மற்றவர்கள் இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இன்றைய போன்கள் இந்த மாற்றத்தை ஒழுங்காகவே செய்கின்றன, காதுக்கு வித்தியாசம் தெரிவது அபூர்வம். அதைவிட முக்கியமானது, போனோடு வருகிற டால்பி, ஈக்வலைசர், சரவுண்ட் இவற்றை அணைத்து வைப்பது. தனித்து நிற்க வேண்டிய நாதஸ்வரத்தை அவை செயற்கையாகப் பரப்பிவிடுகின்றன.

போனை ஆம்ப்ளிஃபயரில் இணைத்துக் கேட்டால் போனின் சத்தத்தை உச்சிக்குச் சற்றுக் கீழே வைத்துவிட்டு, கூட்டுவதையும் குறைப்பதையும் ஆம்ப்ளிஃபயரில் செய்யுங்கள். போனில் குறைத்து ஆம்ப்ளிஃபயரில் கூட்டினால் இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

இயர்போனுக்கு எவ்வளவு விலை கொடுத்தாலும், காதில் சரியாக உட்காராவிட்டால் பயனில்லை. பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என்று மூன்று ரப்பர் முனை கொடுத்திருப்பார்கள். வாங்கிய அன்று மாட்டியிருந்ததையே பலர் கடைசி வரை வைத்திருக்கிறார்கள். தவிலின் இடப்பக்கத்தில் கழியால் அடிக்கிற கீழ் ஒலியைக் கேட்டுக்கொண்டே ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். சரியான முனை உட்கார்ந்ததும் அந்த அடி திடீரென்று கனமாகும். இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்தும் என்றும் இல்லை. நன்றாகப் பொருந்தினால் வெளிச்சத்தம் அடங்கும், ஒலியையும் குறைத்து வைக்கலாம். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 40 மணி நேரம், 80 டெசிபல் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்கிற எல்லை. சத்தம் கூடக் கூட அந்த நேரம் வேகமாகக் குறையும்.

கடைசியாக, கொடை விழாவில் பதிவு செய்த கேசட்டுகள் வீட்டில் கிடந்தால் அவற்றைப் போனுக்குக் கொண்டுவருவது பற்றி. பிளேயரில் டேப்பைத் தொட்டுப் படிக்கிற ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடைத்து, காயவிட்ட பிறகு கேசட்டைப் போடுங்கள். ஹெட்டின் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அது ஹெட்டின் சாய்வை மாற்றும். கேசட்டைப் பதிவு செய்த மிஷினின் சாய்வும் உங்கள் மிஷினின் சாய்வும் ஒத்துப்போகாவிட்டால் மணி ஒலி மங்கிவிடும். பாட்டை ஓடவிட்டு, வில்லின் மணி எங்கே தெளிகிறதோ அங்கே ஸ்க்ரூவை நிறுத்துங்கள். இது ஒவ்வொரு கேசட்டுக்கும் மாறும். எனக்கு அதிக நேரம் எடுப்பதும் இந்த வேலைதான். செய்யாமல் விட்டால் பிறகு எந்த மென்பொருளாலும் அதை மீட்க முடியாது. பதிவை 24 பிட், 48,000-இல், மீட்டர் சிவப்பைத் தொடாமல் எடுத்து, ஃபிளாக்காக வையுங்கள். இரைச்சலை நீக்குகிறேன் என்று மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள், பிரதி எடுத்து அதில் செய்யுங்கள்.

வெளியூரில் இருக்கிற உறவினர்களுக்கு வாட்ஸாப்பில் அனுப்பும்போது டாக்குமென்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள், கோப்பு மாறாமல் போய்ச் சேரும். ஆடியவர், பாடியவர், குடம் அடித்தவர், கோயில், ஊர், வருடம் எல்லாவற்றையும் கோப்பின் பெயரிலேயே எழுதிவிடுங்கள். கேசட் அட்டையில் பென்சிலால் எழுதியிருப்பதை வாசித்துச் சொல்ல வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே அதை எழுதிக்கொள்ள வேண்டும்.

நன்றி. வணக்கம்.