ஹாரிசன் ஃபோர்டின் விமானம் ஏன் விழுந்தது? 17 வருடம் கண்ணில் படாத ஒரு ஜெட்

(திரையில்: இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பயிற்சி விமானம். காக்பிட்டுக்கு மேல் மூடி கிடையாது.)

2015 மார்ச் 5, பிற்பகல். கலிபோர்னியாவின் சான்டா மோனிக்கா விமான நிலையத்திலிருந்து ஹாரிசன் ஃபோர்டு தனியாகக் கிளம்புகிறார். ஆமாம், நடிகர் ஹாரிசன் ஃபோர்டுதான், அப்போது அவருக்கு 72 வயது. விமானம் 1942-ல் செய்த ரயன் பிடி-22. மேலே ஏறி சுமார் 1,100 அடியைத் தொட்டபோது எஞ்சின் சக்தி இழக்கிறது. எஞ்சின் போய்விட்டது, உடனே திரும்புகிறேன் என்று கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்கிறார்.

(திரையில்: ஓடுபாதையின் வரைபடம்)

21-ம் எண் ஓடுபாதையில் கிளம்பியவர், அதே பாதையின் மறுமுனையில், அதாவது 3-ல், இறங்கப் பார்த்தார். கேட்க எளிதாக இருக்கும். ஆனால் எஞ்சின் இழுக்காத விமானம் உயரத்தைச் செலவழித்துத்தான் வேகத்தைக் காப்பாற்ற முடியும், சாய்த்துத் திருப்பினால் அந்தச் செலவு இன்னும் கூடும், பாதை எட்டவில்லையே என்ற பதற்றத்தில் மூக்கைத் தூக்கினால் வேகம் செத்து இறக்கை தூக்குவதை விட்டுவிடும், அப்புறம் கல் மாதிரி விழ வேண்டியதுதான். இந்தத் திருப்பத்தில் எத்தனையோ பைலட்டுகள் உயிரை விட்டிருக்கிறார்கள்.

அவர் மணிக்கு 85 மைல் வேகத்தைப் பிடித்துக்கொண்டு இடதுபக்கம் திரும்பினார், பாதை எட்டாது என்று சீக்கிரமே தெரிந்துகொண்டார், ஓடுபாதைக்குச் சற்று முன்னால் இருந்த பென்மார் கோல்ஃப் மைதானத்தின் வெட்டவெளிக்குப் போனார். சுற்றிலும் வீடுகள். 65 அடி மரத்தின் உச்சியில் இடித்துத் தரையில் மோதியது விமானம். கீழே யாருக்கும் காயமில்லை. அந்தச் சில நொடிகளில் எடுத்த அந்த முடிவை நான் மனதார மதிக்கிறேன்.

சரி, எஞ்சினுக்கு என்ன ஆனது?

(திரையில்: பிரித்து வைத்த கார்புரேட்டர்)

கார்புரேட்டருக்குள் ஜெட் என்று ஒரு சின்ன உருப்படி திருகி வைத்திருக்கும், நடுவில் நுண்ணிய துளை. பழைய பைக்கை மெக்கானிக் பிரிக்கும்போது பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியும். காற்றோடு எவ்வளவு பெட்ரோல் கலக்க வேண்டும் என்பதை அந்தத் துளைதான் அளக்கிறது. அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் பிரித்துப் பார்த்தபோது, முக்கிய ஜெட் மரை கழன்று, இருக்க வேண்டிய இடத்தை விட்டு வெளியே வந்து, சுமார் 90 பாகை திரும்பிக் கிடந்தது. அளவே இல்லாமல் எரிபொருள் பாய்ந்தால் கலவையில் காற்று போதாது, சரியாக எரியாது, சக்தி விழுந்துவிடும். சுமார் 17 வருடம் முன்பு விமானத்தைப் புதுப்பித்தபோதுதான் அந்தக் கார்புரேட்டரையும் சரிசெய்திருந்தார்கள். அந்த ஜெட்டை அவ்வப்போது சோதிக்க வேண்டும் என்று எந்தப் பராமரிப்புக் குறிப்பும் சொல்லவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்திருக்கிறது.

என்னை அதைவிட உலுக்கியது தோள் பெல்ட். இந்த விமானம் தயாரானபோது தோள் பெல்ட்டே கிடையாது, பிற்பாடு மாட்டியது. இருக்கையின் முதுகுப்புறத் தகட்டில் போல்ட்டும் வாஷரும் போட்டு முடுக்கியிருந்தார்கள், பின்னால் தாங்குவதற்கு வலுவான தகடு எதுவும் வைக்கவில்லை. மோதிய வேகத்தில் போல்ட், வாஷர், நட் எல்லாமே முதுகுத் தகட்டைக் கிழித்துக்கொண்டு பிடுங்கி வந்துவிட்டன. இடுப்பெலும்பும் கணுக்காலும் முறிந்தன, தலையிலும் அடி. பெல்ட்டைத் தவறாகப் பொருத்தியதால்தான் காயங்கள் கூடின என்று விசாரணை அறிக்கையே சொல்கிறது.