விசாரணைக்குப் போகப் பஸ் காசு

நேயர்களுக்கு வணக்கம்.

நிர்வாகத்திடம் சார்ஜ் ஷீட், அதாவது குற்றச்சாட்டுக் கடிதம், வாங்கிய தொழிலாளர்களுக்குத் துணையாக, நிறுவனமே நடத்தும் பல உள்விசாரணைகளில் உட்கார்ந்திருக்கிறேன். ஒருமுறை, நான் துணைக்குப் போன தொழிலாளி வரவே இல்லை. பயந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்தேன். அவரில்லாமலே இரண்டு சாட்சிகளை விசாரித்து முடித்துவிட்டார்கள். நான் ஆட்சேபித்ததை எழுதிக்கொள்ளக்கூட இல்லை. மாலையில் அவர் வீட்டுக்குப் போனேன். "பஸ்ஸுக்குக் காசில்லை அண்ணே" என்றார். சஸ்பெண்ட் ஆகி இரண்டு மாதம். அந்தக் காலத்துக்கு நிர்வாகம் தர வேண்டிய பிழைப்பூதியம் ஒரு பைசா வரவில்லை.

சஸ்பென்ஷன் என்பது தண்டனை இல்லை. விசாரணை முடியும்வரை வேலையிலிருந்து ஒதுக்கி வைப்பது, அவ்வளவுதான். அப்போதும் அவர் அந்த நிறுவனத்தின் ஊழியர்தான். அந்த நாட்களில் அவர் வீட்டில் அடுப்பு எரிவதற்காகத்தான் பிழைப்பூதியம். தமிழ்நாட்டில் இதற்கென்றே 1981-இல் ஒரு சட்டம் வந்தது. முதல் 90 நாள் சம்பளத்தில் பாதி, 180 நாள் வரை முக்கால் பங்கு, அதற்கு மேலும் விசாரணை இழுத்தால் முழுச் சம்பளம். இழுத்தடிப்பவருக்கே செலவு கூடும்படி எழுதியிருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

கோலார் தங்கவயலில், பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை 1985-இல் சஸ்பெண்ட் செய்தார்கள். பிழைப்பூதியம் தரவில்லை. கையில் பணமில்லாமல் கேரளத்திலுள்ள சொந்த ஊருக்குப் போனவர், அங்கே நோயில் படுத்துவிட்டார். விசாரணையைத் தள்ளிவைக்கக் கேட்டார். மறுத்துவிட்டு, அவரில்லாமலே நடத்தி, 1986-இல் வேலையை விட்டு நீக்கினார்கள். அதே குற்றச்சாட்டில் நடந்த குற்றவியல் வழக்கிலோ அவர் விடுதலையானார். கடைசியில் 1999-இல் உச்ச நீதிமன்றம் அவரை வேலையில் சேர்க்கச் சொன்னது, சஸ்பெண்ட் ஆன நாளிலிருந்து முழுச் சம்பளப் பாக்கியோடு. பட்டினி போட்டுவிட்டு விசாரணைக்கு வா என்பது வாழும் உரிமையையே பறிப்பது என்று நீதிபதிகள் கண்டார்கள். ஆனாலும் பதினான்கு வருடம்! அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

அதனால் சஸ்பெண்ட் ஆனவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிழைப்பூதியம் கேட்டு உடனே எழுத்தில் கொடுங்கள். நகலில் தேதியோடு ஒப்புகை வாங்குங்கள். அப்புறம், கடன் வாங்கியாவது முதல் அமர்வுக்குப் போய், 'எனக்கு இன்னும் பிழைப்பூதியம் தரவில்லை' என்பதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வணக்கம்.